விரிவுரையாளர் அறிவியல் நாவல் எழுதலாமா?



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஒரு கேள்வி. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் ஒரு விரிவுரையாளர் அறிவியல் நாவல்களும் எழுதினால், அது அவருடைய வேலைக்குத் துணையா, இடையூறா? பகலில் வெப்ப இயக்கவியலின் விதிகளைச் சொல்லிக்கொடுத்தவர் இரவில் விண்கலங்களையும் ரோபோக்களையும் பற்றிக் கதை எழுதினால், அவர் தம் துறையை வளர்க்கிறாரா, துறையை விட்டுத் தப்பி ஓடுகிறாரா? கல்வி நிலையங்கள் இதற்கு நெடுங்காலமாக ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன. கதை எழுதுவது அவரவர் சொந்த விருப்பம், ஓய்வு நேரத்தில் செய்துகொள்ளட்டும், பதவி உயர்வுக் கணக்கில் அதற்கு இடமில்லை என்பதே அந்தப் பதில். அந்தப் பதிலை மறுக்கவே நான் இங்கே நிற்கிறேன். ஒரு விரிவுரையாளர் எழுதும் நல்ல அறிவியல் நாவல் அவருடைய ஆசிரியப் பணிக்கு வெளியே நிற்பதன்று. அதுவும் அந்தப் பணியின் ஒரு பகுதியே. இதுதான் என் வாதம். இதற்குச் சான்று என்ன? ஊகத்தை நான் சான்றாகக் கொண்டுவரவில்லை. பாஸ்டன், கேம்பிரிட்ஜ், புனே, கலிஃபோர்னியா ஆகிய இடங்களில் உண்மையாகவே பாடம் நடத்திக்கொண்டும் ஆய்வு செய்துகொண்டும் நாவல் எழுதியவர்களின் வாழ்க்கையையே சான்றாக வைக்கிறேன்.

முதலில் ஐசக் ஆசிமோவ். 1920இல் ரஷ்யாவில் பெட்ரோவிச்சி என்ற சிற்றூரில் பிறந்து, 1923இல் பெற்றோருடன் அமெரிக்கா வந்து, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தவர். தந்தை நடத்திய மிட்டாய்க் கடையில் விற்பனைக்கு வந்த மலிவு விலைப் பத்திரிகைகளில்தான் அறிவியல் கதைகளை முதலில் படித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோதே, 1939இல், அவருடைய முதல் கதை அச்சில் வந்துவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1949இல், பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கும் வேலையில் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 5,000 டாலர். அந்த வேலையில் இருந்துகொண்டு அவர் என்ன எழுதினார் என்பதைப் பாருங்கள். 1950இல் முதல் நாவலான ‘பெபிள் இன் த ஸ்கை’. அதே ஆண்டில் ‘ஐ, ரோபோட்’. 1951 முதல் 1953 வரை ‘ஃபவுண்டேஷன்’ வரிசையின் மூன்று நூல்கள். 1954இல் ‘த கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’. 1955இல் ‘தி எண்ட் ஆஃப் எடர்னிட்டி’. 1957இல் ‘த நேக்கட் சன்’. இன்றும் உலகம் ஆசிமோவ் என்று சொன்னவுடன் நினைக்கும் நூல்களில் மிகப் பல, அவர் மருத்துவ மாணவர்களுக்கு நொதிகளைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் நூலாக வந்தவை. ‘ஃபவுண்டேஷன்’ நூல்களிலும் ‘ஐ, ரோபோட்’ நூலிலும் உள்ள கதைகள் பெரும்பாலும் 1940களில் பத்திரிகைகளில் வெளியானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முழு நீள நாவலாசிரியராக அவர் உருவானது வகுப்பறைக் காலத்தில்தான். அதில் ஐயமில்லை.

வகுப்பறைக்கும் நாவலுக்கும் உள்ள தொடர்பு காலப் பொருத்தம் மட்டும்தானா? இல்லை, நண்பர்களே. ஆசிமோவின் ரோபோ கதைகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். 1942இல் வந்த கதையொன்றில் ரோபோக்களுக்கு மூன்று விதிகளை வகுத்துவைத்தார். மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது. அந்த விதிக்கு முரண்படாத வரையில் மனிதரின் கட்டளைக்குப் பணிய வேண்டும். இவ்விரண்டுக்கும் முரண்படாத வரையில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பின் ஒவ்வொரு கதையும் ஒரு கணக்கு. விதிகள் உனக்குத் தெரியும். ஆனால் இந்த ரோபோ இப்படி விசித்திரமாக நடந்துகொள்கிறது. விதி எதுவும் மீறப்படவில்லை. அப்படியானால் காரணம் என்ன? இது எந்த நடை? கொள்கையைச் சொல்லி, எல்லைச் சூழலைக் கொடுத்து, விடையை மாணவரே கண்டுபிடிக்கும்படி விடுகிற நல்ல ஆசிரியரின் நடை அல்லவா? ‘த கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலில் அது கொலை துப்பறியும் கதையாகவே விரிகிறது. எஃகுக் கூரைக்குள் அடைந்துகிடக்கும் எதிர்கால நகரம், அதன் உணவுப் பங்கீடு, வெட்டவெளியைக் கண்டு அஞ்சும் மக்கள் என்று அந்த உலகத்தின் இயல்பையெல்லாம் வாசகருக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் புதிருக்குள் அழைத்துச் செல்கிறார். மறைத்து வைத்த தகவலால் வாசகரைத் தோற்கடிக்கும் தந்திரம் அவரிடம் இல்லை. கையில் கொடுத்த விதிகளைக் கொண்டே விடை காணச் செய்கிறார்.

அதே ஆண்டுகளில் அவருடைய இன்னொரு எழுத்தையும் கவனியுங்கள். 1952இல், துறையில் உடன் பணியாற்றிய இருவரோடு சேர்ந்து, மருத்துவ மாணவர்களுக்காக உயிர்வேதியியல் பாடநூல் ஒன்று எழுதினார். அது மூன்று பதிப்புகள் கண்டது. 1954இல் பொதுவாசகருக்காக உயிரின் வேதிப்பொருள்களைப் பற்றி ஒரு நூல். 1955இல், வேதியியல் கற்பிப்பவர்களுக்கான ஆய்விதழ் ஒன்றில் மனித உடலின் கதிரியக்கம் பற்றி ஒரு சிறு கட்டுரை. நம் உடம்பில் இயற்கையாகவே இருக்கும் கார்பன்-14 அணுக்களில் சில, மரபணுக்களுக்குள்ளேயே அமர்ந்திருக்குமே, அவை சிதைந்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கட்டுரை எழுப்பிய கேள்வி. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1958இல், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பெருகும் கார்பன்-14 மனித மரபுக்கு என்ன தீங்கு செய்யும் என்று வேதியியலாளர் லைனஸ் பாலிங் கணக்கிட்டு உலகத்துக்கு எச்சரிக்கை விடுத்தார். ஆசிமோவ் அந்தத் திசையில் முன்பே பார்த்துவிட்டார். எப்படிப் பார்த்தார்? ஆய்வுக்கூடத்தில் பெரிய கருவி ஏதும் அவரிடம் இல்லை. ‘இப்படி இருந்தால் என்ன நேரும்?’ என்று கேட்டுப் பழகிய மனம் இருந்தது. கதைக்குப் பயன்பட்ட அதே மனம்தான் கட்டுரைக்கும் பயன்பட்டது. ‘தி எண்ட் ஆஃப் எடர்னிட்டி’ பிறந்த விதமும் இதைத்தான் காட்டுகிறது. பழைய ‘டைம்’ இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 1932ஆம் ஆண்டு இதழொன்றில் இருந்த விளம்பரப் படம் அணுகுண்டின் காளான் மேகத்தைப் போலக் கண்ணில் பட்டது. கூர்ந்து பார்த்தால் அது வெந்நீர் ஊற்றின் படம். அணுகுண்டு தோன்றுவதற்கு 13 ஆண்டுகளுக்கு முந்தைய பத்திரிகையில் உண்மையாகவே அந்த மேகம் இருந்திருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து காலப் பயணத்தைப் பற்றிய முழு நாவலே வளர்ந்தது.

இப்போது நீங்கள் என்னைக் கேட்கலாம். அப்படியென்றால் பாஸ்டன் பல்கலைக்கழகம் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டுமே? நடந்தது வேறு. 1955இல் அவர் இணைப் பேராசிரியரானார், நிரந்தரப் பணி உரிமையும் கிடைத்தது. ஆனால் அவர் ஆய்வுக்கூட வேலையைக் கைவிட்டு எழுத்திலேயே இருக்கிறார் என்று நிர்வாகத்துக்கு மனக்குறை. 1958இல் அவருடைய வகுப்புகளும் சம்பளமும் நிறுத்தப்பட்டன. பணி உரிமை இருந்ததால் பதவிப் பெயரைப் பறிக்க முடியவில்லை. அதற்காக அவர் விடாமல் போராடினார், பெயர் நிலைத்தது. சம்பளமில்லாத இணைப் பேராசிரியராக 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1979இல் அதே பல்கலைக்கழகம் அவரை முழுப் பேராசிரியராக உயர்த்தியது. அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில்தான் பாதுகாக்கப்படுகின்றன. 1958இல் மதிப்பில்லாததாகத் தெரிந்த எழுத்து பின்னாளில் எப்படி மதிப்புப் பெற்றது? எழுத்து மாறவில்லையே. அளந்த கோல்தான் மாறியது. ஆய்வுக் கட்டுரையை மட்டும் எண்ணுகிற கோலால் அளந்தபோது அவர் வேலை செய்யாத ஆசிரியராகத் தெரிந்தார்.

இதைச் சொல்லும்போது எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை நான் மூடி மறைக்கப் போவதில்லை. ஆசிமோவ் ஆய்வு செய்யவில்லை என்பது உண்மைதானே என்று கேட்பார்கள். உண்மைதான். 1952 அளவிலேயே எழுத்தில் வந்த வருமானம் சம்பளத்தை மிஞ்சிவிட்டது. அவர் மனமும் எழுத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. மருத்துவக் கல்லூரிக்கு ஆய்வாளர் தேவை என்று கேட்டதில் தவறு இல்லை. ஆனால் அந்த உண்மையிலிருந்து நாவல் எழுதினால் ஆய்வு சாகும் என்ற பொது விதியை எடுக்க முடியுமா? ஒருவரை வைத்து விதி செய்ய முடியாது. அறிவியல் படித்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ச் சான்று ஒன்று கிடைத்தாலும் விதி உடைந்துவிடும். அந்த எதிர்ச் சான்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது.

ஃபிரெட் ஹாயில் 1945 முதல் கேம்பிரிட்ஜில் கணித விரிவுரையாளர். விண்மீன்களின் உள்ளே கார்பன் எப்படி உண்டாகிறது என்ற புதிருக்கு விடை தேடி, கார்பன் அணுக்கருவில் இன்ன ஆற்றல் நிலை ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று 1953இல் முன்கூட்டிச் சொன்னவர் அவர். சோதனை செய்து பார்த்தபோது அது இருந்தது. 1957ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு அக்டோபரில், மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபவுலர் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட பெருங்கட்டுரை வெளிவந்தது. நம் இரத்தத்தில் ஓடும் இரும்பும் எலும்பில் உள்ள கால்சியமும் விண்மீன்களின் உள்ளே சமைக்கப்பட்டவை என்பதை விளக்கமாக நிறுவிய கட்டுரை அது. இருபதாம் நூற்றாண்டு வானியற்பியலின் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று. அதே 1957இல் அவர் வேறு என்ன வெளியிட்டார்? ‘த பிளாக் கிளவுட்’ என்ற நாவலை! ஒரே ஆண்டில், ஒரே விரிவுரையாளர். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவரைப் பேராசிரியராக உயர்த்தியது. நாவல் எழுதினால் ஆய்வு சாகும் என்பவர்கள் இந்த ஒரு ஆண்டுக்கு விளக்கம் சொல்லட்டும்.

அந்த நாவல் என்ன சொல்கிறது? விண்மீன்களுக்கு இடையிலிருந்து ஒரு கரிய வாயு மேகம் சூரியனை நோக்கி வருகிறது. சூரிய ஒளியை அது மறைக்கிறது, பூமியில் பேரழிவு நேர்கிறது. வானியலாளர்கள் மேகத்தின் வேகத்தையும் நிறையையும் கணக்கிடுகிறார்கள், கணக்கு பிழைக்கிறது. மேகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஏன்? மெல்ல மெல்ல, ஒவ்வொரு விளக்கமாகத் தள்ளிக்கொண்டே போய், அந்த மேகம் அறிவுள்ள உயிர் என்ற முடிவுக்கு அவர்கள் வந்து சேர்கிறார்கள். கருதுகோள் அமைப்பது, முன்கூட்டிச் சொல்வது, கணிப்பு பொய்த்தால் கருதுகோளை மாற்றுவது, கடைசியில் எவ்வளவு விந்தையானாலும் எஞ்சி நிற்பதை ஏற்பது. அறிவியல் முறை என்று பாடநூல் அரைப் பக்கத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோவதை, இந்த நாவல் இருநூறு பக்கங்களுக்கு வாசகரை வாழவைக்கிறது. சிக்கலான மூலக்கூறுகள் விண்மேகத்தில் இருக்க முடியும் என்பது அந்தக் கதையின் அடித்தளம். 1957இல் விண்மீன் இடைவெளியில் கண்டறியப்பட்டிருந்தவை இரண்டணு மூலக்கூறுகள் சில மட்டுமே. 1968இல் அம்மோனியா, 1969இல் நீரும் ஃபார்மால்டிஹைடும் என்று வரிசையாகக் கண்டுபிடிப்புகள் வந்தன. இன்று அந்தப் பட்டியல் 200ஐத் தாண்டிவிட்டது. நாவல் அறிவியலை முந்திக்கொண்டது என்று நான் பெருமை பேச வரவில்லை. மேகம் உயிராக இருப்பது இன்றும் கற்பனையே. ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அந்தக் கற்பனைக்குத் தெரிந்திருந்தது.

இங்கே இரண்டாவது எதிர்ப்பு எழும். இதே ஹாயில்தானே பிற்காலத்தில், இலங்கையில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவோடு சேர்ந்து, நோய்க் கிருமிகள் விண்வெளியிலிருந்து வருகின்றன என்று வாதிட்டார்? லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற பண்டைப் பறவையின் புதைபடிவம் போலி என்று சொன்னார்? புதைபடிவவியலாளர்கள் அதை ஆராய்ந்து மறுக்கவில்லையா? கதை எழுதிப் பழகியவருக்குக் கற்பனை எது, உண்மை எது என்ற எல்லை மங்கிவிடும் என்பதற்கு இது சான்றல்லவா? இந்த எதிர்ப்பு எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஹாயிலின் அந்தக் கூற்றுகளை நான் ஏற்கவில்லை. ஆனால் அவற்றை அவர் எங்கே சொன்னார் என்று பாருங்கள். உண்மை என்று உரிமை கோரும் நூல்களிலும் கட்டுரைகளிலும் சொன்னார். அங்கே சொன்னதால்தான் அது பிழையாயிற்று, அறிவியல் உலகம் சோதித்து மறுத்தது. நாவலில் அவர் எவரையும் ஏமாற்றவில்லை. நாவல் தொடங்கும்போதே வாசகரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறது: இது கற்பனை, ஆனால் உள்ளே ஒழுங்கு தவறாது. அந்த ஒப்பந்தம் உள்ள இடத்தில் கற்பனைக்குத் தடை தேவையில்லை. இன்னும் சொல்கிறேன். துணிச்சலான எண்ணங்களுக்கு நாவல் போன்ற ஓர் இடம் இருப்பது ஆய்வாளருக்கு நல்லது. எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படாதது என்று பிரித்துவைக்கும் பழக்கத்தை அது வளர்க்கும்.

ஹாயிலைப் பற்றிப் பேசிவிட்டு அவருடைய மாணவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? ஜயந்த் நார்லிகர். 1938இல் கோலாப்பூரில் பிறந்தவர். தந்தை காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் ஹாயிலிடம் ஆய்வு செய்து, அவரோடு சேர்ந்து ஈர்ப்பு விசைக்குப் புதிய கோட்பாடு ஒன்றை 1964இல் முன்வைத்து உலகின் கவனத்தைப் பெற்றார். 1972இல் தாய்நாடு திரும்பி மும்பை டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தில் பேராசிரியரானார். 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் அறிவியல் சிறுகதைப் போட்டி ஒன்றை அறிவித்தது. கருந்துளையைப் பற்றி ஒரு கதை எழுதி, நாராயண் விநாயக் ஜகதாப் என்ற புனைபெயரில் அனுப்பினார். தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கிச் செய்த பெயர் அது. கதைக்கு முதற்பரிசு கிடைத்தது.

இந்தப் புனைபெயரை ஆசிமோவின் வாழ்வில் வரும் இன்னொரு புனைபெயரோடு சேர்த்துப் பாருங்கள். 1948இல் நடந்த முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குச் சில காலம் முன்பு, ஆசிமோவ் ஆய்வுக் கட்டுரையின் நடையிலேயே ஒரு வேடிக்கைக் கதை எழுதினார். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கரைந்துவிடும் தயோடிமோலின் என்ற கற்பனைப் பொருளைப் பற்றியது. பேராசிரியர்கள் பார்த்தால் பட்டத்துக்கு இடையூறாகுமோ என்று அஞ்சி, புனைபெயரில் வெளியிடக் கேட்டிருந்தார். பத்திரிகை சொந்தப் பெயரிலேயே வெளியிட்டுவிட்டது. தேர்வின் முடிவில் தேர்வாளர் ஒருவர் தயோடிமோலினைப் பற்றியே கேள்வி கேட்டார்; பட்டமும் கிடைத்தது. ஒருவர் கதை எழுதியது தெரிந்தால் அறிவியலில் மதிப்புக் குறையும் என்று பெயரை மறைக்கப் பார்த்தார். மற்றவர், அறிவியலில் பெற்ற புகழ் கதைக்குச் சலுகை வாங்கித் தந்துவிடக் கூடாது என்று மறைத்தார். முதலாவது அச்சம். இரண்டாவது நேர்மை. ஓர் அறிவுச் சமுதாயம் தன் விரிவுரையாளர்களை எந்த நிலையில் வைக்க வேண்டும் என்பதை இந்த இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.

மராத்தி இலக்கிய உலகம் நார்லிகரை எப்படி வரவேற்றது? 1975இல் கராடில் நடந்த மராத்தி சாகித்திய சம்மேளனத்தின் தலைமை உரையில் எழுத்தாளர் துர்கா பாகவத் அவருடைய கதைகளைப் பாராட்டிப் பேசினார். கேலி செய்யவில்லை, ஒதுக்கவில்லை. அதன் பிறகு நார்லிகர் நிற்கவில்லை. ‘வாமன் பரத் ந ஆலா’ என்ற நாவலில், தோண்டும்போது கிடைத்த ஒரு பேழை, அதில் அழிந்துபோன நாகரிகம் ஒன்று விட்டுச்சென்ற அறிவு, அந்த அறிவைக் கொண்டு உருவாக்கப்படும் ரோபோ என்று கதை விரிகிறது. அந்த ரோபோவுக்கு வாமனன் என்று பெயர். மூன்றடி மண் கேட்டு உலகையே அளந்தவன் கதையை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் எச்சரிக்கையை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் ஹாயில் 1961இல் பிபிசி தொலைக்காட்சிக்காக ஜான் எலியட்டோடு சேர்ந்து எழுதிய ‘ஏ ஃபார் ஆண்ட்ரோமெடா’விலும், வேற்றுலகிலிருந்து வந்த குறிப்பைக் கொண்டு மனிதர் ஓர் இயந்திரத்தைக் கட்டுகிறார்கள். நமக்குப் புரியாத அறிவை அப்படியே வாங்கிப் பயன்படுத்தலாமா என்ற ஒரே கவலை குருவிடமும் சீடரிடமும் இருக்கிறது. கவலை ஒன்று; ஆனால் மராத்தி வாசகருக்கு அதைச் சொல்ல நார்லிகர் தம் மண்ணின் புராணத்தை எடுத்துக்கொண்டார். இயற்பியலை இங்கிலாந்தில் கற்றுவந்த ஒருவர் அதைத் தாய்மொழியின் நினைவுகளோடு கலந்து கொடுத்தால்தான் அது மக்களுக்குச் சொந்தமாகும் என்பதை அவர் செய்து காட்டினார். 1988இல் புனேயில், பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் வந்து ஆய்வு செய்யும் வானியல் மையத்தை நிறுவி, அதன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்தார். கையெழுத்துக் கேட்டு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம், அஞ்சலட்டையில் ஓர் அறிவியல் கேள்வி எழுதி அனுப்பு, பதிலோடு கையெழுத்தும் வரும் என்பார். 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2025 மே மாதம் மறையும் வரை ஆய்வு, கற்பித்தல், கதை மூன்றும் அவரிடம் பிரியாமல் இருந்தன.

மூன்றாவது எதிர்ப்பு இலக்கியவாதிகளிடமிருந்து வரும். விரிவுரையாளர் எழுதும் நாவல் விரிவுரையாகத்தானே இருக்கும்? பாத்திரங்கள் உயிரில்லாமல் நின்று பாடம் நடத்தும் என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. ஆசிமோவின் ‘ஃபவுண்டேஷ’னில் மனிதர்கள் அறைக்குள் அமர்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஹாயிலின் நாயகர்கள் பெரும்பாலும் ஹாயிலைப் போலவே பேசுகிறார்கள். துறை அறிவு மட்டும் நாவலாகிவிடாது; எழுத்துக் கலையையும் தனியே கற்றாக வேண்டும். ஆனால் இது விரிவுரையாளர்களுக்கே உரிய நோய் என்று சொன்னால் கிரெகரி பென்ஃபோர்டின் ‘டைம்ஸ்கேப்’ எழுந்து நின்று மறுக்கும். அவர் 1971 முதல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இயற்பியல் கற்பித்தவர். 1980இல் வந்த இந்த நாவலின் ஒரு பகுதி 1962, 1963ஆம் ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் நடக்கிறது. இளம் உதவிப் பேராசிரியர் ஒருவரின் சோதனையில் விளக்க முடியாத இரைச்சல் குறுக்கிடுகிறது. அது வெறும் பிழையா, எதிர்காலத்திலிருந்து வரும் செய்தியா? வெளியிட்டால் மூத்தவர்கள் சிரிப்பார்கள், பதவி உயர்வு தடைபடும். வெளியிடாவிட்டால் தன் மனச்சான்று விடாது. வீட்டிலும் அமைதியில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு இளைஞன் படும் தனிமையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய நாவல் மிக அரிது. அதை எழுத, வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பவரால் முடியாது. மானியத்துக்கு விண்ணப்பித்தவர், சோதனை பொய்த்த இரவுகளை அறிந்தவர் எழுத வேண்டும். அங்கே விரிவுரையாளர் வேலை நாவலின் குறையாக இல்லாமல் அதன் உயிராக இருக்கிறது.

வெர்னர் விஞ்சியின் வாழ்க்கை இதற்கு இன்னும் ஒரு சான்று. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1972 முதல் 2000 வரை சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் கற்பித்தார். கணினி வலையுலகில் மனிதர் உண்மைப் பெயரை மறைத்து உலவுவார்கள் என்று ‘ட்ரூ நேம்ஸ்’ கதையில் 1981இலேயே எழுதிவிட்டார். மனிதரை விஞ்சும் இயந்திர அறிவு வந்துவிட்டால், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நம்மால் கணிக்கவே முடியாது என்ற கருத்தை 1993இல் கட்டுரையாக முன்வைத்தார். இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றி நடக்கும் விவாதங்களில் அந்தக் கருத்து அடிபடாத நாளில்லை. நாவல் எழுதவே 2000இல் வேலையை விட்டாரே, இரண்டும் ஒன்றாக ஓடவில்லை என்றுதானே பொருள் என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் ஹியூகோ விருது பெற்ற அவருடைய இரண்டு பெரும் நாவல்கள், 1992இலும் 1999இலும் வந்தவை, பாடம் நடத்திக்கொண்டே எழுதியவை. வேலையை விட்டபின் எழுதிய ‘ரெயின்போஸ் எண்ட்’ எங்கே நடக்கிறது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக நூலகத்திலும், முதியவர்கள் மீண்டும் மாணவராக அமரும் வகுப்பறையிலும்! வேலையை விட்டாலும் வகுப்பறை அவரை விடவில்லை.

ஆசிமோவிடம் ஒரு கணம் திரும்புவோம், ஏனென்றால் ஒரு கேள்வியை நான் பாக்கி வைத்திருக்கிறேன். வகுப்பிலிருந்து விடுபட்ட 1958க்குப் பின் முழு நேரமும் எழுத்துக்கே கிடைத்தது. நாவல்கள் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? பெருகவில்லை. அடுத்த 20 ஆண்டுகளுக்கு மேல் அவர் எழுதிய அறிவியல் நாவல்கள் மிகச் சில. 1972இல் வந்த ‘த காட்ஸ் தெம்செல்வ்ஸ்’ அவற்றுள் முதன்மையானது. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்க மக்களுக்கு அறிவியலைச் சொல்லியாக வேண்டும் என்று உணர்ந்து, அறிவியல் விளக்க நூல்களின் பக்கம் அவர் திரும்பியதே இதற்குப் பெருங்காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. நாவலுக்கு நேரம் இல்லாமற் போனது வகுப்பறையால் அல்ல. வகுப்பு இருந்தபோது நாவல் வந்தது. வகுப்பு போனபோது, மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நாட்டு மக்களுக்கே சொல்லும் ஆசிரியரானார். எழுதியும் தொகுத்தும் 500 நூல்களுக்கு மேல் தந்தார். ஆசிரியர் வேலையை அவர் ஒரு நாளும் விடவில்லை.

தமிழுக்கு வருகிறேன். நம் மொழியில் அறிவியல் கதைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தவர் சுஜாதா. பெங்களூரில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே வாரப் பத்திரிகைகள் வழியாக அதைச் சாதித்தார். அந்த வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களில் இயற்பியலும் மரபணுவியலும் கணினியியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பதவி உயர்வுக் கணக்கில் ஆய்விதழ்க் கட்டுரைக்குப் புள்ளி உண்டு. துறை அறிவோடு எழுதிய நாவலையும் அந்தக் கணக்கில் சேருங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்கிறேன். மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்தியதைப் போல, எழுதியவர் யாரென்று பாராமல் கதையை மட்டும் பார்க்கும் அறிவியல் கதைப் போட்டியை நம் தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் நடத்தட்டும். நூலகங்கள் அந்த நூல்களை அறிவியல் அடுக்கிலும் இலக்கிய அடுக்கிலும் வைக்கட்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் விரிவுரையாளர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்துக்கான பாடக் குறிப்பைத் தயாரிக்கும்போது, ‘இது இப்படி இல்லாமல் வேறு மாதிரி இருந்தால்?’ என்று மாணவர் கேட்ட கேள்வி ஏதேனும் நினைவுக்கு வந்தால், அதைத் தனித் தாளில் குறித்துவையுங்கள். விடுமுறையில் அதைக் கதையாக எழுதுங்கள். உங்கள் சொந்தப் பெயரிலேயே வெளியிடுங்கள்.